7.5 எச்பி மோட்டார் மறுபடி எரிஞ்சிருச்சு: காயில் கட்டவா, புதுசு வாங்கவா?

மாவுமில்காரன்:
4 போல், 5.5 கிலோவாட். மூணாவது தடவைங்க. காயில் கட்டுறவர் பழைய காயிலை பர்னர் வெச்சு எரிச்சு எடுத்துரலாம்ங்கறார். கடைக்காரர் ஐஇ3, அதாவது ஐஇ2வை விட கரண்ட் கம்மியா வீணாக்கற திறன் வகை மோட்டார், வாங்கச் சொல்றார். உள்ளே அப்படி என்னதான் மாத்திட்டாங்க?

பட்டறை அண்ணன்:
பிரிச்சுப் பார்த்தா தெரியும் தம்பி. உள்ளே அடுக்கியிருக்கற இரும்புத் தகடு உசத்தி, அடுக்கு நீளம், காயில் உட்கார்ற ஸ்லாட்டுல செம்பு நெருக்கமா இருக்கும். தகடு 0.5 மி.மீ.ல இருந்து 0.35 ஆனா சுழல் மின்னோட்ட இழப்பு (இரும்புக்குள்ளயே சுத்தற கரண்ட் சூடா வீணாகறது) பாதியாயிரும். அது தடிமனோட வர்க்கத்துல போறது. பர்னர் மட்டும் வேண்டாம். தகடுகளுக்கு நடுவுல இருக்கற பூச்சு கருகிருச்சுன்னா மொத்த அடுக்கும் ஒரே இரும்புக் கட்டி மாதிரிதான். பெல்ட்டைக் கழட்டிட்டு ஓட்டினாலும் பாடி சுடுதா?

மாவுமில்காரன்:
சுடுதுங்கண்ணா. அரைமணி நேரத்துல கை வைக்க முடியலை.

பட்டறை அண்ணன்:
அப்ப பெரும்பாலும் ஸ்டேட்டரே, அதாவது காயில் உட்கார்ற அந்தத் தகடு அடுக்கே போச்சு. இனி செம்பு போடறது வீண்.

கணக்குப்பிள்ளை:
இந்த அளவுக்குத் திறன் ஐஇ2ல 87.7%, ஐஇ3ல 89.6%. முழு லோடுல 10 மணி நேரம் ஓட்டினா மிச்சம் 1.3 யூனிட்தான். நல்ல மோட்டாரைக் கழட்டிப் போட்டு வாங்கறதுக்கு இது பத்தாது, ஆனா உங்களுது ஏற்கெனவே வெந்தது, அதனால புதுசே வாங்கலாம். ஒண்ணு, ஐஇ3ல ஸ்லிப் (காந்தப்புல வேகத்துக்கு ரோட்டர் பின்தங்கறது) குறைவு, கொஞ்சம் வேகமா சுத்தும். புல்லி சைஸ் பார்க்காம மாட்டினா மில்லு கூடுதலா இழுக்கும்.

மாவுமில்காரன்:
புல்லியை யாருமே சொல்லலைங்க. நாளைக்கு அளந்துட்டு வர்றேன்.