ஹிப் பெல்ட்டுக்கு ‘இடைச்சும்மாடு’ சரிவருமா?

கோபியிலிருந்து:

வணக்கமுங்க.

வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் காட்டுக்குப் போய் அன்றைக்கே திரும்பும் பயணத்துக்கு முதுகில் மாட்டும் பையைப் பற்றி ஒரு கட்டுரை மொழிபெயர்க்கிறேன் என்று தம்பி ஒருவர் இங்கே ஐந்தாறு ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தார். நம் பக்கம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்க, முயலைப் பிடித்தாலும் வழக்குதான். அதனால் வெள்ளியங்கிரி மலை ஏறும் பையை வைத்துத்தான் இந்தச் சொற்களை நான் சோதித்துப் பார்த்தேன்.

முதலில் டே பேக். ‘பகற்பை’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். வேட்டைக்காரர் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வருகிறவர். வெள்ளியங்கிரிக்கோ பாதிப்பேர் ராத்திரியில்தான் ஏறுகிறார்கள். ‘ஒருநாட்பை’ போதும். இருபது முதல் முப்பத்தைந்து லிட்டர் வரை கொள்ளும் பை என்று அடைப்பில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

வம்பே, பையோடு சேர்ந்து இடுப்பைச் சுற்றி வரும் ஹிப் பெல்ட்டில்தான். இடுப்புப்பட்டை, இடைவார், இடைக்கச்சை என்று மூன்று சொல் வந்திருக்கின்றன. மூன்றுமே கட்டுவதைச் சொல்கின்றன, தாங்குவதைச் சொல்லவில்லை. என் கதையைக் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் கோவையில் ஒரு கடையில் ‘பெல்ட் வச்ச பைங்க’ என்று கொடுத்ததை வாங்கினேன். நான்கு லிட்டர் தண்ணீர், அதுவே நான்கு கிலோ. கட்டுச்சோறு, போர்வை, மழைச்சட்டை வேறு. மலைவழியில் கைதட்டிச் சுனை வருவதற்குள் இரண்டு தோளும் இற்றுப்போனது. பெல்ட் என்று அவர் காட்டியது விரல் அகல நாடா. பை ஆடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு கிலோவைக்கூட இடுப்புக்கு இறக்காது.

நிஜமான ஹிப் பெல்ட் பஞ்சு வைத்துத் தைத்தது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார்ந்து பாரத்தில் பெரும்பங்கைத் தோளிலிருந்து வாங்கிக்கொள்ளும். அதுவும் பைக்குள் விறைப்பான சட்டம் இருந்தால்தான். தொளதொள பையில் எவ்வளவு பஞ்சு வைத்தாலும் சுமை கீழே இறங்காது. இரண்டையுமே கடைக்காரர் பெல்ட் என்கிறார். நாமும் இரண்டையும் ‘வார்’ என்று எழுதினால் வாங்குகிறவருக்கு என்ன லாபம்?

சோளத்தட்டுக் கட்டைத் தலைக்கு ஏற்றுமுன் எங்கள் ஆத்தா துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைப்பாரே, அது செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது. உடம்புக்கும் சுமைக்கும் நடுவில் இருந்து பாரத்தை எலும்பின்மேல் பரப்பிவிடுகிறது. ஆகவே பஞ்சு வைத்ததற்கு ‘இடைச்சும்மாடு’, ஆடாமல் பிடிக்கும் ஒல்லிப் பட்டைக்கு ‘இடைநாடா’. சும்மாடு என்றாலே சுமை காதில் விழுகிறது, விளக்கவுரை தேவையில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்சுக்குக் குறுக்கே வருவது மார்வார். லோட் ஷெல்ஃப் என்பது பையைச் சட்டத்திலிருந்து விலக்கி நடுவில் இறைச்சியை வைத்துக் கட்டும் இடம். அதற்குப் ‘பரண்’ என்று எழுதத்தான் கை போனது. ஆனால் வேட்டைக் கட்டுரையில் பரண் என்றால் மரத்தின்மேல் போடும் மேடையாகிவிடும். ‘சுமைத்தட்டு’ என்று வைக்கலாம். சத்தம் போடாத துணிக்கு எனக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. உண்ணிச்செடிப் புதருக்குள் நைலான் பையோடு நுழைந்து பார்த்தவருக்குத் தெரியும், மான் எதற்கு ஓடுகிறது என்று.

திருப்பூரிலிருந்து:

அண்ணா, இடைநாடா அருமைங்க. தையல் பக்கம் நாடா என்றால் அகலம் எவ்வளவு என்றுதான் அடுத்த கேள்வியே வரும். யாருக்கும் புதிதாக இருக்காது. சும்மாடுதான் இடிக்கிறது. சும்மாட்டை வைப்போம், எடுப்போம். யாராவது இறுக்குவார்களா? கட்டுரையில் ‘ஹிப் பெல்ட்டை முதலில் இறுக்கு’ என்று நிச்சயம் ஓரிடத்தில் வரும். அங்கே ‘இடைச்சும்மாட்டை இறுக்கு’ என்று எழுதிப் பாருங்கள், வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. இன்னொன்று, குடத்தைப் பெண்கள் இடுப்பில் வைப்பதால், அதற்கு அடியில் வைக்கும் துணி என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள்.

கோபியிலிருந்து:

குடத்துக்கு யாரும் இடுப்பில் சும்மாடு வைப்பதில்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ‘இறுக்கு’ விஷயத்தில் நன்றாகப் பிடித்தீர்கள். நேற்று ராத்திரி என் பையை எடுத்துப் பார்த்தேன் (பழையதை மச்சானிடம் தள்ளிவிட்டேன், இது வேறு). பஞ்சுப் பகுதி இரண்டு பக்கமும் தனியாக இருக்கிறது, அதன் நுனியிலிருந்து நாடா புறப்பட்டு முன்பக்கம் கொக்கியில் சேர்கிறது. நாம் இழுப்பது நாடாவைத்தான். பஞ்சு அசைவதே இல்லை. ஆக, ஒரே பொருளில் இரண்டு உறுப்பு, இரண்டுக்கும் பெயர் கைவசம் இருக்கிறது. தம்பி அந்த இடத்தை இப்படி எழுதிப் பார்க்கட்டும்:

“தோள்வார்களைத் தளர்த்திப் பையை மாட்டுங்கள். இடைச்சும்மாடு இடுப்பெலும்பின்மேல் உட்காரட்டும். நாடாவை இறுக்குங்கள். தோள்வார் அப்புறம்.”