காலச்சக்கரத்தின் கடைசி மூன்று நூல்கள்: யார் எழுதியவை?

ஏரிக்கரை எழுதியது:

‘தி வீல் ஆஃப் டைம்’ (காலச்சக்கரம்) என்ற ஆங்கில மிகைபுனைவு நாவல் தொடரை இரண்டாம் முறையாகப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இத்திரியை இங்கேயே மூடிவிடுவது நல்லது.

புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி, ராபர்ட் ஜோர்டன் என்ற புனைபெயரில் 1990 முதல் 2005 வரை இத்தொடரின் பதினோரு நூல்களையும், இடையே 2004இல் ஒரு முன்கதையையும் எழுதினார். இதயத்தைப் பாதிக்கும் அமிலாய்டோசிஸ் என்ற அரிய நோயால் 2007 செப்டம்பர் 16 அன்று, தொடரை முடிக்காமலேயே இறந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நூலாக வர வேண்டிய முடிவு, 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வந்தது.

முதல் வாசிப்பில், யார் பிழைப்பார் யார் சாவார் என்ற பரபரப்பில் ஓடியதால் எனக்கு எதுவும் உறுத்தவில்லை. இம்முறை கையில் பென்சிலோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டாம் நூலில், முதன்மைப் பாத்திரங்களில் ஒருவனான மேட் கௌதன் வாய் திறந்த இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. ஜோர்டன் படைத்த மேட், தான் நகைப்புக்குரியவன் என்பதை அறியாதவன். ஐந்தாம் நூலில், போர்க்களத்தை விட்டு எப்படியாவது நழுவிவிட வேண்டும் என்று குதிரையில் கிளம்புகிறவன், வழியில் அழிவை நோக்கிப் போகும் சில வீரர்களை எச்சரிக்கப் போய், அவர்களுக்குத் தலைமை ஏற்று, பொழுது சாய்வதற்குள் எதிரிப் படைத்தலைவனையே கொன்று நிற்கிறான். அப்போதும் தனக்கும் வீரத்துக்கும் சம்பந்தமில்லை என்றே மனதாரப் புலம்புகிறான். நமக்குச் சிரிப்பு வருவது அந்த முரணில்தான். புதிய ஆசிரியரின் மேட்டோ, பெண்கள் கோவேறு கழுதைகளா வெள்ளாடுகளா என்று பக்கக் கணக்கில் ஆராய்கிறான். மேடையில் விகடம் சொல்பவனைப் போல நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான். அடுத்த நூலில் அவன் அரசி இலேனுக்கு எழுதும் கடிதத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட எழுத்துப்பிழைகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டாம் நூலின் இறுதியில் கதாநாயகன் ராண்ட் மலை உச்சியில் தனியாக நின்று, உலகை அழித்துவிடலாமா என்று தன்னோடு வழக்காடும் அத்தியாயம் ஒன்றில்தான் பழைய கை தெரிகிறது. மற்றவை அனைத்தும் வேறொருவர் குரலில் சொல்லப்பட்ட கதைச்சுருக்கம் என்பதே என் முடிவு.

மெழுகுத்திரி எழுதியது:

ஏரிக்கரை அவர்களுக்கு வணக்கம். மேட் பற்றித் தாங்கள் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. பன்னிரண்டாம் நூலில் அவனைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று சாண்டர்சனே பின்னாளில் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று நூல்களையும் கதைச்சுருக்கம் என்று தள்ளுவது, சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று இலையையே மூடுவது போன்றது.

2003இல் வந்த பத்தாம் நூலை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் நூலின் இறுதியில் உலகையே உலுக்கும் ஒரு செயலை ராண்ட் செய்து முடிக்கிறான். அடுத்து என்ன என்று இரண்டாண்டுக்கு மேல் காத்திருந்து பத்தாம் நூலைத் திறந்தால், அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கெங்கே இருந்தார்கள், அந்தப் பேராற்றலைத் தொலைவிலிருந்து எப்படி உணர்ந்தார்கள் என்பதிலேயே பெரும்பகுதி கழிகிறது. பாவாடை மடிப்பைச் சரிசெய்வதும், சடையைப் பிடித்து இழுப்பதும், தேநீர் ஆறிப்போனதுமாக அறுநூறு பக்கங்களுக்கு மேல் நகர்ந்த தொடரை முடித்துவைக்க ஒருவர் முன்வந்தார் என்றால், நன்றி சொல்லிவிட்டுக் குறை சொல்வதே முறை.

இன்னொன்று. ஜோர்டனின் நடையைப் போலிசெய்ய மாட்டேன் என்று சாண்டர்சன் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார். பாத்திரங்களுக்கு உண்மையாக இருக்க முயல்வேன், வாக்கியங்கள் என்னுடையவையாகவே இருக்கும் என்பதே அவர் நிலைப்பாடு. அதைச் சொல்லிவிட்டுச் செய்தவரை, ஏன் அவரைப் போல எழுதவில்லை என்று கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை.

ஏரிக்கரை எழுதியது:

பத்தாம் நூலைத் தூக்கிக் காட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்; எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் 2005இல் வந்த பதினோராம் நூலை ஏன் தாண்டிப் போகிறீர்கள்? ராண்டின் நண்பன் பெரின் தன் மனைவியை மீட்கும் கதை அதில் முடிகிறது, மேட்டின் திருமணச் சடங்கு நிறைவேறுகிறது, ராண்ட் ஒரு கையை இழக்கிறான், அவர்களுடைய ஊர்க்காரியான எக்வீன், மாய ஆற்றல் கொண்ட பெண்களின் தலைமையிடமான வெள்ளைக் கோபுரத்துக்குள் கைதியாக இருந்துகொண்டே அதை உள்ளிருந்து அசைக்கத் தொடங்குகிறாள். பரப்பிய இழைகளை முடிச்சிடும் வேலையை ஜோர்டன் தம் கையாலேயே தொடங்கிவிட்டார். ஆகவே, தேங்கிக் கிடந்த வண்டியைத் தள்ளிவிட்டவர் சாண்டர்சன் என்ற கதையை நான் ஏற்கவில்லை.

விரைவு வேறு, எடை வேறு. கடைசி நூலில் போரைச் சொல்லும் ஒரே அத்தியாயம் எழுபதாயிரம் சொற்களுக்கு மேல் நீள்கிறது. அந்த அளவில் ஒரு தனி நாவலே அடங்கும். உறங்க விடாமல் படிக்க வைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நூலிலிருந்து ராண்டை நிழலாகத் தொடர்ந்த பேடன் ஃபெய்ன், பதிமூன்று நூல்கள் தாண்டி வந்து, சில பத்திகளுக்குள் முடிந்துபோகிறான். அதே நூலில், அதுவரை பெரும்பாலும் ஓரத்திலேயே இருந்த ஆண்ட்ரோல் என்ற தோல்வினைஞனுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் கிடைக்கிறது, ஏனென்றால் அவன் புதிய ஆசிரியர் தமக்காக எடுத்து வளர்த்த பாத்திரம். வாடகைக்கு வந்தவர் வீட்டில் தமக்கென ஓர் அறை கட்டிக்கொண்டதைப் போல இருக்கிறது.

சாளரம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். மிகைபுனைவு எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் இறந்தபோது முடிக்காமல் விட்ட கதைகள் இருந்த கணினித் தகட்டை, அவர் விருப்பப்படியே 2017இல் இங்கிலாந்தில் ஒரு பழைய நீராவிச் சாலை உருளையை ஏற்றி நசுக்கினார்கள். ஏரிக்கரை அவர்கள் கேட்பது அதைத்தானா?

ஏரிக்கரை எழுதியது:

இல்லை. ஜோர்டன் கடைசி வாரங்களில், உடல் ஒத்துழைத்த நேரமெல்லாம், முடிவு எப்படி அமைய வேண்டும் என்று வீட்டாரிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதில் எனக்கு வழக்கு இல்லை.

மெழுகுத்திரி எழுதியது:

ஏரிக்கரை அவர்களே, தங்கள் முதல் பதிவில் ஒரு வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். மலை உச்சியில் ராண்ட் நிற்கும் அத்தியாயத்தில் மட்டும் பழைய கை தெரிகிறது என்றீர்கள்.

தொடர் முடிந்த பின், எந்தப் பகுதி யாருடையது என்று கேட்டவர்களுக்குச் சாண்டர்சன் ஒரு தோராயமான கணக்குச் சொன்னார். பன்னிரண்டாம் நூலில் எக்வீனின் கதைக்கு ஜோர்டன் விட்டுச்சென்ற குறிப்புகள் மிகுதி. அதே நூலில் ராண்டின் கதை பெரும்பாலும் தம்முடையது. பதிமூன்றாம் நூலில் மேட்டின் கதைக்கு ஜோர்டனின் குறிப்புகள் மிகுதி. பெரினின் கதை பெரும்பாலும் தம்முடையது. இதுவே அந்தக் கணக்கு. அதாவது, பழைய கை என்று தாங்கள் கும்பிட்ட இடம் புதியவருடையது. பதிமூன்றாம் நூலில் தங்களுக்குக் கூச்சமூட்டிய மேட், மூலவரின் திட்டத்துக்கு நெருக்கமான பாதையில்தான் நடந்துகொண்டிருக்கிறான்.

தங்களைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே அத்தியாயத்தைக் காட்டி, ஜோர்டன் ஜோர்டன்தான் என்று ஒரு நண்பரிடம் மணிக்கணக்கில் பேசியவன்தான்.

ஏரிக்கரை எழுதியது:

ஒரு நாள் கழித்து எழுதுகிறேன். அந்த அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன். தாங்கள் சொல்வது சரி. நான் தவறாக முகர்ந்திருக்கிறேன். இத்தனைக்கும் அவ்வத்தியாயத்தின் வாக்கியங்கள் குட்டையானவை. ஜோர்டன் ஒரு மூச்சில் சொல்லக்கூடியதை இவர் மூன்றாக உடைத்து எழுதியிருக்கிறார். காட்சியின் உணர்ச்சியில் அது என் கண்ணில் படவில்லை.

ஆனால் இதிலிருந்து தாங்கள் எடுக்கும் முடிவை நான் எடுக்கவில்லை. ராண்டின் கதையில் புதியவருக்குத் தம் விருப்பப்படி கட்ட இடம் இருந்தது, நன்றாகக் கட்டினார். மேட்டின் கதையில் வரைபடம் மூலவருடையது, செங்கல் மட்டும் இவருடையது. அங்கேதான் சுவர் கோணியது. நிகழ்ச்சிகளைக் குறிப்பாக எழுதிவைத்துவிட்டுப் போகலாம். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே பொய் சொல்லிக்கொள்ளும் தொனியை எந்தக் குறிப்பேட்டில் எழுதிவைப்பது?

பிழைதிருத்துநர் எழுதியது:

நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவன். மூன்று நாளாக இத்திரியைப் படித்துவருகிறேன். இருவரும் இரண்டு ஆண்களை நிறுத்திவைத்து வழக்காடுகிறீர்கள். பதினான்கு நூல்களிலும் பென்சில் பிடித்த மூன்றாமவரை ஏரிக்கரை அவர்கள் முதல் பதிவில் ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டார், மெழுகுத்திரி அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

ஹாரியட் மெக்டூகல், 1990இல் வந்த முதல் நூலிலிருந்து 2013இல் வந்த கடைசி நூல் வரை பதிப்பாசிரியர். ஜோர்டன் இறந்த சில நாள்களில் சாண்டர்சன் தம் வலைப்பதிவில் ஓர் அஞ்சலி எழுதினார். அதைக் கண்டுதான் ஹாரியட் அவருடைய நாவல் ஒன்றை வரவழைத்துப் படித்து, இவர் செய்வார் என்று முடிவுசெய்தார். அவ்வாண்டு டிசம்பரில் சாண்டர்சன் சார்ல்ஸ்டனில் இருந்த அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த இரவை அவரே சொல்லியிருக்கிறார். ஹாரியட் சாப்பிடச் சூப் இருக்கிறது என்கிறார். வந்தவரோ முதலில் அந்த முடிவைக் காட்டுங்கள் என்கிறார். காட்சித் துண்டுகளும் குறிப்புகளுமாக ஏறத்தாழ இருநூறு பக்கங்கள். நள்ளிரவு தாண்டியும் படித்துக்கொண்டிருந்தாராம். தொடரின் உலகம் பற்றிய மற்ற குறிப்புகள் இதைவிடப் பன்மடங்கு. அவற்றைப் பராமரித்துவந்த மரியா சைமன்ஸ், ஆலன் ரோமன்சுக் என்ற இரு உதவியாளர்களும் புதியவரின் ஒவ்வொரு வரைவையும் சரிபார்த்தார்கள். கடைசிப் போரின் படை நகர்வுகளைத் திட்டமிட்டதில் ஆலனின் பங்கு பெரியது.

மறைந்த ஒருவரின் கட்டுரைகளை நூலாக்கும் வேலை எனக்கு ஒருமுறை வந்தது. ஓரிடத்தில் வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. அவர் எப்படி முடித்திருப்பார் என்பது எனக்குத் தெரியும், இருபது ஆண்டுகளாக அவர் கைப்படியைப் பார்த்தவன். ஆனாலும் என் பேனா முடித்த வாக்கியம், அச்சில் பார்த்தபோது, அவர் சட்டையை நான் போட்டுக்கொண்டதைப் போலத் தோளில் தொங்கியது. கடைசியில் புள்ளிகள் வைத்து அப்படியே விட்டுவிட்டேன். ஹாரியட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. கணவரின் தொனியை உலகில் வேறு எவரைவிடவும் அறிந்தவர், அது இல்லாத பக்கங்களைத் தம் கையால் திருத்தி அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

மெழுகுத்திரி எழுதியது:

நல்ல பதிவு, நன்றி. என் வாதத்துக்கு இது வலுச்சேர்க்கிறது என்றே நினைக்கிறேன். ஜோர்டனின் செவி ஒன்று கடைசிவரை அந்த வீட்டில் இருந்தது. மேலும், மேட்டையும் அவன் மனைவி டுவானையும் வைத்து மேலும் மூன்று நூல்கள் எழுத ஜோர்டன் எண்ணியிருந்தார். அவற்றுக்கு ஓரிரு வரிக் குறிப்புக்கு மேல் கிடைக்கவில்லை என்பதால் எழுதுவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வாங்கியிருக்க என்னைப் போன்ற கூட்டம் வரிசையில் நின்றிருக்கும். ‘டியூன்’ என்ற அறிபுனைவுத் தொடரை, அதன் ஆசிரியர் மறைந்தபின் அவர் குடும்பத்தார் 1999 முதல் அடுக்கடுக்காக நீட்டி வெளியிட்டுவருவதோடு ஒப்பிட்டால் இந்த அடக்கத்தின் அருமை தெரியும்.

ஏரிக்கரை எழுதியது:

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, பிழைதிருத்துநர் ஐயா. அந்தச் செவி அங்கே இருந்தது என்றால், கோவேறு கழுதையும் எழுத்துப்பிழைக் கடிதமும் அதைக் கடந்துதான் அச்சேறின. ஜோர்டன் காலத்தில் எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். எழுதியது சூடு ஆறுவதற்குள் கை மாறியது. அதன்பின் ஒருவர் யூட்டாவில், மற்றவர் சார்ல்ஸ்டனில். சாண்டர்சன் எழுதிய முதல் இரு நூல்களும் ஓராண்டு இடைவெளியில் வந்தன. அவசரத்தின் விலையை மேட் கொடுத்தான் என்பது என் எண்ணம்.

பிழைதிருத்துநர் எழுதியது:

மறுக்கவில்லை. மெய்ப்பில் தப்பும் பிழைக்கு மெய்ப்பாளனும் பொறுப்பு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசி நூலின் பின்னுரையை இம்முறை எப்படிப் படித்தீர்கள்? அதன் இறுதிக் காட்சி ஜோர்டன் எழுதிவைத்துவிட்டுப் போனது.

ஏரிக்கரை எழுதியது:

நேற்றிரவு அதை மட்டும் தனியாக எடுத்துப் படித்தேன். எல்லோரும் இறந்துவிட்டதாக நினைக்கும் ஒருவன், குதிரையில் ஏறிப் புறப்படுகிறான். புகைக்குழாயைப் பற்றவைக்க நெருப்பில்லை. அவனிடமிருந்த பேராற்றலும் போய்விட்டது. குழாய் பற்றியெரிவதாக நினைக்கிறான், பற்றிக்கொள்கிறது. ஏன், எப்படி என்று ஒரு சொல் விளக்கம் இல்லை.

சாண்டர்சன் தம் சொந்த நாவல்களில் மாயத்தின் விதிகளை ஏறக்குறைய இயற்பியல் பாடம் போல எழுதுகிறவர். அந்தக் குழாய் எப்படிப் பற்றியது என்று முந்தைய ஆயிரம் பக்கங்களில் எங்காவது ஒரு காரணத்தைச் செருகிவைக்க அவர் கை எவ்வளவு துடித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தேடிப் பார்த்துவிட்டேன். செருகவில்லை. அதற்காக, மெழுகுத்திரி அவர்கள் கேட்ட நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தை மட்டும் மன்னிப்பதாக இல்லை.