புதுப்பிப்பு: நிலாவெளிக்குத் தனியே போய் வந்துவிட்டேன்

கிளிநொச்சியிலிருந்து திருகோணமலைப் பக்கக் கடற்கரையான நிலாவெளிக்கு, காற்றுக் கலன் கட்டிச் சுழியோடத் தனியாகப் போகலாமா, கூட வர ஆள் இல்லையே என்று போன மாதம் கேட்டிருந்தேன். தாராளமாகப் போகலாம். பயணம்தான் தனி, தண்ணீருக்குள் துணை கட்டாயம்.

எனக்குத் துணையாக வந்தவரை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கரையிலேயே கைச் சைகைகளை ஒத்துப் பார்த்தோம். ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுச் சோதித்தோம். துணைக்கு அவசரத்தில் காற்றுக் கொடுக்கும் அவருடைய மாற்றுச் சுவாசக் குழாய் பட்டிக்குள் சிக்கிக் கிடந்தது. கீழே எனக்குக் காற்று முடிந்திருந்தால் அதை இழுத்தே எடுத்திருக்க முடியாது. சொன்னேன், உடனே சரிசெய்தார். முன்பின் தெரியாதவர் என்று இதில் கூச்சப்படாதீர்கள்.

ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்க ஆசைப்பட்ட தம்பிக்கு: மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய அது ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. நம் ஆரம்பச் சுழியோடிச் சான்றிதழுக்கு எல்லை 18 மீற்றர். தயவுசெய்து இப்போது வேண்டாம்.

வாடைக்காற்று தொடங்குமுன், மே முதல் செப்டம்பருக்குள் நிலாவெளிக்குப் போங்கள். நீருக்குள் மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளே, கடைசியாகச் சுழியோடியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள். ஒரு முழு நாள் விட்டால் எனக்கு இன்னும் நிம்மதி.