ஒலிபரப்பு, ஒளிபரப்பு இரண்டையும் செய்யும் அரசு நிறுவனத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

வானொலியையும் தொலைக்காட்சியையும் சேர்த்து நடத்தும் அரசு நிறுவனத்துக்கு ‘அரசு ஒலி-ஒளிபரப்பு நிறுவனம்’ என்ற பெயரே போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பொருளில் பிழையில்லை. ஆனால் லகர ளகர வேறுபாடு ஒன்றையே நம்பி நிற்கும் இரு சொற்களை அடுத்தடுத்து வைக்கும்போது, எழுத்தில் தெளிவாக இருப்பது பேச்சில் குழம்பிவிடுகிறது. காதால் கேட்கவேண்டிய ஊடகத்தின் பெயரே காதுக்குப் பிடிபடாமல் போவது வேடிக்கைதான்.

முன்பு இச்சிக்கல் பெரிதாக எழவில்லை. இலங்கையில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1967இலும் தொலைக்காட்சிக்கான ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் 1982இலும் தனித்தனியே அமைந்தன. இந்தியாவில் 1959இல் தில்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, 1976இல் தூர்தர்ஷனாகப் பிரியும் வரை அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1997இல் பிரசார் பாரதி அமைந்தபோது இரண்டும் மீண்டும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. அப்பெயரை நாம் ஒலிபெயர்த்தே எழுதிவருகிறோம். (தமிழ்க் காதில் அது ‘பிரசாரம்’ என்று விழுவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல.)

இரண்டுக்கும் பொதுவாக ‘அலைபரப்பு’ என்று சொல்லலாம் என்னும் பரிந்துரை அழகானது. ஆயினும் நிகழ்ச்சிகள் இன்று கம்பிவடத்தின் வழியாகவும் இணையத்தின் வழியாகவும் வந்து சேர்கின்றன. அலை என்பது வழிகளுள் ஒன்று மட்டுமே. பழைய இரு சொற்களுக்கும் பொதுவாக நிற்பதும், செயலைச் சுட்டுவதும் ‘பரப்பு’தான். அதைத் தனித்து நிறுத்தினால் பரப்பளவு நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தாருக்கோ அது காணி அளவை. எனவே பதிப்பு என்பதிலிருந்து பதிப்பகமும் அச்சு என்பதிலிருந்து அச்சகமும் பிறந்ததைப் போலப் ‘பரப்பகம்’ என்று ஆக்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘அகம்’ கட்டடத்தையே குறிக்கும் என்ற தடை நிற்காது. பதிப்பகம் என்றால் யாரும் கட்டடத்தை மட்டும் எண்ணுவதில்லை.

அடைமொழியில்தான் மிகுந்த கவனம் தேவை. ‘அரசுப் பரப்பகம்’ என்றால் உரிமையும் கட்டுப்பாடும் சேர்ந்தே ஒலிக்கின்றன. உரிமையை மட்டும் சொல்ல ‘அரசுடைமைப் பரப்பகம்’ பொருந்தும். சட்டத்தால் தன்னாட்சி பெற்றும் நிதிக்குப் பெரிதும் அரசையே சார்ந்திருக்கும் பிரசார் பாரதியை அவ்வாறு அழைப்பதில் தவறில்லை. மன்னர் வழங்கும் அரச பட்டயத்தின்கீழ் 1927 முதல் இயங்கி, பார்வையாளர் செலுத்தும் உரிமக் கட்டணத்தைப் பெருமளவு நம்பியிருக்கும் பிபிசியை அதே சொல்லில் அடக்குவது தவறாகும். அதற்குப் ‘பொதுச்சேவைப் பரப்பகம்’ என்பதே சரி. ‘பொதுத்துறை’ இங்கே உதவாது, ஏனெனில் இந்தியத் தமிழில் அச்சொல் அரசுக்குச் சொந்தமான தொழில் நிறுவனங்களுக்கு நிலைத்துவிட்டது.

பல நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை ஒருங்கே வழங்கும் அமைப்புக்குப் ‘பரப்பு வலையமைப்பு’ போதும். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொன்று பெற்று அப்படியே ஒலிபரப்புவதை வானொலியார் நெடுங்காலமாக ‘அஞ்சல் செய்தல்’ என்றே சொல்லிவருகின்றனர். வழக்கில் வேரூன்றிய அதற்கு மாற்றுத் தேடவேண்டியதில்லை.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு ஆகிய சொற்களைக் கைவிடச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் குறிக்கும் இடத்தில் அவை அப்படியே நிற்கட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் பரப்பகம் வரட்டும். நிறுவனத்துக்கு இச்சொல் பொருந்துமானால், அதில் பணிபுரிபவரைப் ‘பரப்புநர்’ எனலாமா, ‘அறிவிப்பாளர்’ போன்ற தொழிற்பெயர்களே போதுமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. மற்றவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.