மாற்றலாகி வரும் கூடைப்பந்து கார்டை (பந்தை நடத்திச் செல்லும் வெளிவட்ட ஆட்டக்காரரை) எப்படி மதிப்பிடுவது?

லாஸ்பேட்டை வாசகர்:
அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் இணையப் பட்டியல்) தொடங்கிய பிறகு, சிறிய கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகளின் குழுவில்) ஆட்டத்துக்கு 20 புள்ளிகள் எடுத்த கார்டு ஒருவர் பெரிய அணிக்கு மாறுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் புள்ளிக்கணக்கை மட்டும் நம்பலாமா?

முத்தியால்பேட்டைப் பயிற்சியாளர்:
கூடாது, ஐயா. பந்து பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருந்தால் புள்ளிகள் குவியத்தான் செய்யும். ஆகவே அவர் எத்தனை முயற்சிகளில் அவற்றை எடுத்தார், அசிஸ்டுகளோடு (கூடையில் முடிந்த பாஸ்களோடு) ஒப்பிட்டால் டர்ன்ஓவர்கள் (எதிரணியிடம் பந்தை இழந்தவை) எவ்வளவு, வலுவான அணிகளுக்கு எதிராக அந்த விகிதம் எவ்வளவு சரிந்தது என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும். மூன்று புள்ளி வீச்சின் சதவீதம் ஒரே பருவத்தில் ஏறி இறங்கக்கூடியது என்பதால், தடுப்பார் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோவின் சதவீதத்தையும் சேர்த்துப் பார்ப்பேன்.

கடலூர் ரசிகர்:
தற்காப்பை விட்டுவிட்டீர்களே! ஸ்கிரீனை (எதிரணி ஆட்டக்காரர் வழிமறித்து நிற்பதை) தாண்டி வரத் தெரியாத, உயரம் குறைந்த கார்டை மார்ச் மாத நாக் அவுட் ஆட்டங்களில் எதிரணி தேடித் தேடித் தாக்கும்.

முத்தியால்பேட்டைப் பயிற்சியாளர்:
உண்மை. அதற்கு முழு ஆட்டத்தின் காணொளியைத்தான் பார்க்க வேண்டும். வெட்டித் தொகுத்த சிறப்புக் காட்சிகளில் யாரும் பந்தைத் தவறவிடுவதில்லை.