கொட்டிலுக்கு கரண்ட்

தம்பி: கிணற்றடிக் கொட்டில் கூரை வேலை முடிந்தது. இனி கரண்ட் தான். குசினி பிளக்கில் இருந்து எக்ஸ்டென்ஷன் வயரை மாமரத்தில் கட்டி இழுக்கலாம் என்று அப்பா சொல்கிறார். சின்ன மாமா, சரிவருமா?

சின்ன மாமா: வேண்டாம் தம்பி. வெயிலில் வயரின் தோல் வெடிக்கும், அணில் கடிக்கும். ஐப்பசி மழையில் அதற்குக் கீழால்தானே அம்மா தண்ணி அள்ளப் போவார்.

அப்பா: ஒரு லைட், ஒரு வோட்டர் பம்ப். இதற்குத் தனி லைனா?

சின்ன மாமா: ஓம் அத்தான். மெயின் போட்டில் தனி பிரேக்கர், அங்கிருந்து இரும்புக் கவசம் சுற்றிய ஆமர்ட் கேபிள். எவ்வளவு தூரம்?

தம்பி: 40 மீட்டர் வரும்.

சின்ன மாமா: 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 7 வோல்ட் போய்விடும். பம்ப் தொடங்கும் நொடியில் இன்னும் பல மடங்கு இழுக்கும், மோட்டார் திணறும். 4 போடுங்கள்.

அக்கா: கேபிள் காசு நான் அனுப்புகிறேன். மண்ணுக்குள்ளால் போகட்டும்.

தம்பி: இரண்டடி ஆழம் வேண்டுமாம். அலவாங்கு போட்டுப் பார்த்தேன், ஒரு அடியிலேயே கல் தட்டுகிறது.

சின்ன மாமா: நம் ஊர்ச் சுண்ணக்கல் அப்படித்தான். உடைக்க வேண்டாம், மதிலோடு கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம். கிடுகு வேலியில் மட்டும் கட்டாதே.

அப்பா: பிரேக்கர் இருந்தால் காணும்தானே? எர்த் கம்பியும் இருக்கிறது.

சின்ன மாமா: காணாது அத்தான். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். பம்பின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறினால் எர்த் வழியாக நிலத்துக்குப் போக வேண்டும். கல் நிலம், ஆவணியில் காய்ந்து கிடக்கும். எர்த் கம்பிக்கு 50 ஓம் தடை வந்தால் 230ஐ 50ஆல் பிரியுங்கள், 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண லோட், விழாது. பம்பில் கரண்ட் நிற்கும், ஈரக் காலோடு யாராவது தொடுவார்கள். 30 மில்லி ஆம்பியர் நிலத்துக்குக் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் கண் இமைக்க முன் வெட்டும்.

அம்மா: எங்கள் போட்டில் ஒன்று இருக்கிறதே?

சின்ன மாமா: கரண்ட் இருக்கும்போது அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார் தம்பி.

தம்பி: அழுத்தினேன். விழவில்லை.

தம்பி: திரும்பவும் அழுத்தினேன் மாமா. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அம்மா: ஐயோ, குளியலறை ஹீட்டரும் அதில்தானே!

சின்ன மாமா: ஹீட்டர் பிரேக்கரை இப்போதே இறக்கு. கொட்டில் பிறகு, முதலில் இதை மாற்ற வேண்டும். பழையதன் முகப்பைப் போட்டோ எடுத்துப் போடு. சில பழையவை 100 மில்லி ஆம்பியர், அந்த அளவை வாங்கி வராதே.

தம்பி: ஹீட்டர் இறக்கியாச்சு. போட்டோ இதோ.

சின்ன மாமா: சரி. 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்கு. எர்த் பார்க்கிற மீட்டரோடு காலையில் வருகிறேன், டெஸ்ட் பட்டன் எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதுவரை நீ போட்டைத் திறக்காதே.

அப்பா: சாப்பாடு இங்கேதான்.