முதல் சர்வீஸ் முத்திரை இல்லாவிட்டால் வாரண்டியும் கிடையாதா?

அழகர்மலைச்சாலை:
"வாங்கிய பிறகு கடைப்பக்கமே எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு, ஏதேனும் கழன்று விழுந்ததும் வாரண்டி அட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன் அல்லன்" என்று சைக்கிள் கடை வைத்திருக்கும் கடைவீதிக்காரன் நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். அதற்குச் சிலர் கைதட்டியும் இருந்தார்கள். அவர்களுக்காக என் வழக்கைச் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு கடையில் கியர் சைக்கிள் வாங்கினேன். வாரண்டிக் காலம் பாதிகூட முடியவில்லை. அழகர்கோவில் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இடப்பக்கக் கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, ஆடத் தொடங்கியது. வீடு திரும்பும் வழியிலேயே பெடலோடு சேர்ந்து ஆக்சிலிலிருந்து கழன்று வந்துவிட்டது. கீழே விழாமல் தப்பியது என் முன்னோர் செய்த புண்ணியம். கடைக்கு எடுத்துச் சென்றால், கடைக்காரர் கிராங்கைப் பார்க்கவே இல்லை, அட்டையைத்தான் பார்த்தார். "முதல் இலவச சர்வீஸ்" என்ற கட்டத்தில் முத்திரை இல்லை, எனவே வாரண்டி இல்லை என்று முடித்துவிட்டார். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் விற்பனையாளரை அணுகச் சொல்கிறார்கள். விற்பனையாளரோ நிறுவனத்தைக் கேட்கச் சொல்கிறார்.

நான் சர்வீஸுக்குப் போகாதவன் அல்லன். குறித்த காலத்தில் போனேன். கடைப் பையன் வாசலில் வைத்தே பிரேக்கைச் சரிசெய்து கொடுத்தான். அன்று அட்டை என் கையில் இல்லை, அவ்வளவுதான். ஒரு ரப்பர் முத்திரை விழாததால் கிராங்க் கழலுமா என்பதைக் கடைவீதிக்காரன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடைவீதிக்காரன்:
விளக்குகிறேன். உங்கள் சைக்கிளில் இருப்பது சதுர ஆக்சிலில் ஏற்றி போல்ட்டால் இறுக்கும் கிராங்க். ஆக்சில் எஃகு, கிராங்க் அலுமினியம். சரிவான அந்தச் சதுரத்தின்மேல் கிராங்கை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்கத்தில் இறுக்க வேண்டும். ஓட்டத் தொடங்கிய சில நாட்களில் அலுமினியம் இருக்கையில் சற்றே அமர்ந்துகொடுக்கும். அப்போது போல்ட்டின் பிடி தளரும். முதல் சர்வீஸ் என்று நாங்கள் உயிரை விட்டுக்கொண்டு அழைப்பது, பிரேக் கம்பியை இழுத்துவிடுவதற்காக மட்டுமன்று, இந்தப் போல்ட்டை மீண்டும் ஒரு முறை இறுக்குவதற்காகவும்தான். ஆகவே முத்திரைக்கும் கிராங்குக்கும் தொடர்பு இருக்கிறது. முத்திரை என்றால் மை அன்று. போல்ட் இறுக்கப்பட்டது என்பதற்கான சான்று. வாசலில் நின்று பிரேக்கை மட்டும் சரிசெய்துகொண்டு போனதற்குச் சர்வீஸ் என்று பெயர் சூட்டுவதானால், தேநீர்க் கடையில் ஓசியில் காற்று அடித்துக்கொண்டதையும் சர்வீஸ் கணக்கில் சேர்த்துவிடலாம்.

இன்னொன்று. தளர்ந்த கிராங்கை உடனே கழற்றிப் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆடுகிறது என்று தெரிந்த பிறகும் மிதித்துக்கொண்டே வீட்டை நோக்கி வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சதுரத் துளையின் படத்தை இங்கே போடுங்கள். மீதியைத் துளையே சொல்லும்.

நுகர்வோன்:
கடைவீதிக்காரன் அவர்களுக்கு வணக்கம். தொழில்நுட்பம் எல்லாம் சரி. சட்டம் என்று ஒன்று இருப்பதை மட்டும் மறந்துவிட்டீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொருளின் தரத்தில் உள்ள எந்தக் குறையும் அதன்படி குறைபாடே. வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 86ஆம் பிரிவைப் பாருங்கள்: பொருளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் தகுந்த கவனம் காட்டாத விற்பனையாளரும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வரும் சைக்கிளைப் பூட்டி முடித்து விற்றவர் யார்? போல்ட்டை இறுக்காமல் விற்றுவிட்டு, இரண்டாவது முறை இறுக்கிக்கொள்ள வரவில்லையே என்று வாடிக்கையாளரைக் குற்றம் சாட்டுவது விந்தையிலும் விந்தை.

கடைவீதிக்காரன்:
86ஆம் பிரிவைப் படித்த நண்பர் இரண்டாம் பிரிவையும் படித்திருக்கலாம். 86ஆம் பிரிவு அடங்கிய தயாரிப்புப் பொறுப்பு என்ற அத்தியாயம் பேசுவது தீங்கைப் பற்றி. பொருளுக்கே ஏற்பட்ட சேதம் தீங்கில் அடங்காது என்று அதே சட்டத்தின் வரையறை சொல்கிறது. புகார் கொடுத்தவரோ தாம் விழாமல் தப்பியதாக முதல் பதிவிலேயே எழுதிவிட்டார். மிஞ்சியது குறைபாடு என்ற வாதம் மட்டும்தான். குறைபாட்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பித்தான் கண்டறிய வேண்டும் என்றால் ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஓர் இடப்பக்கக் கிராங்கின் விலைக்காக ஐந்து மாதம் நடக்க விருப்பமுள்ளவர்கள் தாராளமாக நடக்கலாம். நடைக்கு உடல்நலமும் கூடும். ஆணையம் கேட்கும் முதல் கேள்வியும் அட்டையில் முத்திரை இருக்கிறதா என்பதாகத்தான் இருக்கும்.

துளையின் படம் இன்னும் வரவில்லை.

காட்டர்பின்:
இரு தரப்பும் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நான் பெரியகுளத்தில் மிதிவண்டிக் கடை வைத்திருந்தவரின் மகன். அக்காலத்து வண்டியில் கிராங்கைப் பிடித்திருந்தது காட்டர் பின் என்னும் ஓர் ஆப்பு ஊசி. தளர்ந்தால் சுத்தியலால் ஓர் அடி, நட்டில் ஒரு திருகு, முடிந்தது கதை. என் தந்தை எந்த அட்டையிலும் முத்திரை குத்தியதில்லை. யாருக்கும் அட்டையே கொடுத்ததில்லை. வண்டி திரும்பி வந்தால் தம் பெயர் கெடும் என்று அஞ்சியே வேலை செய்தார். 1949இல் தொடங்கிய நம் அம்பத்தூர் சைக்கிள் நிறுவனத்தின் வண்டிகள் இன்றும் பால்கேனைச் சுமந்துகொண்டு ஓடுகின்றன. நியூட்டன் மீட்டர் என்று எழுதும் கடைவீதிக்காரன் தம்பி, உங்கள் கடையில் முறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனர் எத்தனை இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் எங்களுக்கு அறிவு வளரும்.

அழகர்மலைச்சாலை:
காட்டர்பின் ஐயா கேட்ட கேள்விதான் என் கேள்வியும். நான் பார்த்த கடையில் அப்படி ஒரு ஸ்பேனர் இல்லை. பையன் நீளமான ஒரு ராட்செட்டைப் பிடித்து, மூச்சை அடக்கி, "போதும் சார்" என்றுதான் எல்லாவற்றையும் முறுக்கினான். அளவே இல்லாமல் இறுக்கியதற்கு முத்திரை மட்டும் சான்றாகிவிடுமா? துளையின் நான்கு மூலைகளில் இரண்டு மழுங்கியிருக்கின்றன, உள்ளே கருப்பாக அலுமினியப் பொடி படிந்திருக்கிறது. படம் போட எனக்குத் தயக்கமில்லை. ஆனால் முத்திரை கேள்விக்குப் பதில் வராமல் படம் வராது.

கடைவீதிக்காரன்:
மூலைகள் மழுங்கியிருக்கின்றன, கருப்புப் பொடி படிந்திருக்கிறது. இந்த வாக்கியத்தைச் சட்டகம் போட்டு மாட்டலாம். வார்ப்பில் குறை இருந்தால் மூலையில் விரிசல் ஓடும். உடைந்த முகம் பளிச்சென்று மணல்போல் இருக்கும். மழுங்கலும் பொடியும் தளர்ந்த கிராங்கை வெகுதூரம் மிதித்தால் மட்டுமே வரும். எந்த நிறுவனமும் இதைத் தயாரிப்புக் குறை என்று ஏற்காது. நான் படத்தோடு அனுப்பினாலும் திருப்பி அனுப்புவார்கள். பார்சல் செலவு யார் தலையில் விழும் என்பதை இங்குள்ள சட்ட அறிஞர்கள் அறிவார்களா? ஒரு சைக்கிளில் எங்களுக்குக் கிடைப்பதை மாமரத்தில் காய்ப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இணையத்தில் வாங்கி, எங்களிடம் பூட்டக் கொண்டுவந்து, முந்நூறு ரூபாய் கூலியா என்று முகம் சுளிப்பவர்களும் இவர்களே.

காட்டர்பின் ஐயாவுக்கு: என் கடையில் அந்த ஸ்பேனர் இருக்கிறது. சென்ற ஆண்டு டியூப்லெஸ் டயர் விவாதத்திலும் இப்படித்தான் தங்கள் தந்தையின் கடையைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அங்கும் விடை வரவில்லை.

இரவுப்பயணி:
கிராங்க் என்றதும் நினைவுக்கு வருகிறது. சைக்கிள் உதிரிபாகங்களில் உலகில் மிகப் பெரிய பெயரெடுத்த ஷிமானோ நிறுவனமே 2012க்கும் 2019க்கும் இடையில் செய்த சில உயர்விலைக் கிராங்குகளின் ஒட்டுப் பிரிந்துவருவதாக 2023 செப்டம்பரில் ஒப்புக்கொண்டு, அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் ஏறத்தாழ 7,60,000 கிராங்குகளைச் சோதனைக்கு அழைத்தது. பிரிந்ததாக வந்த புகார்கள் 4,500க்கும் மேல். அங்கே யாரிடமும் முதல் சர்வீஸ் முத்திரை கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. விற்பனையாளர் பார்த்தார், பிரிவு தெரிந்தால் மாற்றினார். பெரிய நிறுவனம் நடந்துகொள்ள வேண்டிய முறை அதுதான்.

கடைவீதிக்காரன்:
இரவுப்பயணி தம் வாதத்தைத் தாமே முறித்துக்கொண்டார். அது உள்ளீடற்ற இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்த கிராங்க். இது வார்ப்பில் வந்த முழுத் துண்டு. அங்கேயும் எல்லாக் கிராங்குகளையும் மாற்றவில்லை. கடைக்காரர் சோதித்துப் பிரிவு கண்டவற்றை மட்டுமே மாற்றினார்கள். ஓட்டுபவர்கள் பலர் அதற்காகவே அந்த நிறுவனத்தைத் திட்டினார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். அதாவது, கடைக்காரரின் சோதனை செல்லும். அந்தச் சோதனையின் அடையாளம்தான் முத்திரை.

நுகர்வோன்:
கடைக்காரரின் சோதனை செல்லும் என்றால், இவர் கிராங்கைப் பார்க்காமலேயே அட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பினாரே, அந்தச் சோதனை எங்கே செல்லும்? இதைத்தான் முதலிலிருந்து கேட்கிறோம். பார்த்துவிட்டு மறுத்திருந்தால் அது மறுப்பு. பார்க்காமலே மறுத்தால் அது திமிர். வாடிக்கையாளர் சேவை என்பது பொருளை மாற்றித் தருவதற்கு முன்னால், அதைக் கையில் வாங்கிப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது.

கடைவீதிக்காரன்:
திமிர் என்ற சொல்லை நெறியாளர் கவனிப்பார் என்று நம்புகிறேன். அந்தக் கடை என்னுடையது அன்று. பார்க்காமல் அனுப்பியது தவறா என்று என்னை யாரும் கேட்கவில்லை, முத்திரைக்குத் தொடர்பு உண்டா என்றுதான் கேட்டார்கள். உண்டு என்று சொன்னேன், இன்னும் சொல்வேன். படம் எங்கே?

காட்டர்பின்:
எல்லாரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லட்டுமா? அந்தச் சதுர ஆக்சிலில் பூட்டும்போது கிரீஸ் தடவினார்களா? தடவாமல் ஏற்றினால் கிராங்க் முழுவதும் உட்காராது. உட்கார்ந்ததுபோல் காட்டிவிட்டுப் பின்னால் தளரும். முத்திரையைத் தேடுவதை விட்டுவிட்டு ஆக்சிலில் கிரீஸ் தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைவீதிக்காரன்:
கிரீஸ் தடவினால் கிராங்க் தேவைக்கு மேல் ஏறித் துளை விரிந்துவிடும். ஈரமில்லாமல் துடைத்துவிட்டுப் பூட்ட வேண்டும். இதைப் பெரியகுளத்தில் வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால், அங்கிருந்து வந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் இப்போதே காரணம் புரிகிறது.

காட்டர்பின்:
என் தந்தையை இழுக்காதீர்கள் தம்பி. போல்ட்டின் புரியில் கிரீஸ், ஆக்சிலின் சதுரத்திலும் மெல்லிய பூச்சு. நாங்கள் அப்படிப் பூட்டிய வண்டி ஒன்றும் திரும்பி வரவில்லை.

கடைவீதிக்காரன்:
தந்தையை இந்த இழைக்குள் கொண்டுவந்தவர் தாங்கள்தான் ஐயா. புரியில் கிரீஸ் போடுவதை நான் மறுக்கவே இல்லை. சதுரத்தில் போடக் கூடாது என்கிறேன். இரண்டையும் ஒன்றாக்கி எழுதி, நான் மறுத்தேன் என்று காட்டப் பார்க்கிறீர்கள். டயர் விவாதத்திலும் இதே வித்தையைத்தான் செய்தீர்கள். வேண்டுமானால் அந்த இழையைத் தேடி எடுத்து ஒட்டுகிறேன்.

அழகர்மலைச்சாலை:
என் கிராங்க் இன்னும் கழன்றபடியே கிடக்கிறது.

காட்டர்பின்:
ஒட்டுங்கள், பார்ப்போம். அதில் பாதிப் பதிவுகளை நீங்கள்தான் பின்னால் திருத்தினீர்கள்.